காற்புள்ளி இல்லாமல்

எட்டு மணிக்கு மின்சாரம் போகும் என்று
கைப்பேசி சொன்னபடியே போனது.
ஃபீனிக்ஸ் முழுக்க ஒரே வீச்சில் இருட்டு.
ஆற்றுக்கு அந்தப் பக்கம் குவாமஷு மட்டும் வெளிச்சமாக;
அவர்கள் முறை பத்தரைக்கு.

மேசைமேல் சாக்ரனுடைய விண்ணப்பம்.
இந்தியா தருகிற அட்டைக்கு
இந்தியாவிலிருந்து வந்ததற்கு ஆதாரம் வேண்டுமாம்.
ஆவணக் காப்பகம் கொடுத்த ஒற்றைத்தாள் நகல்:
பெயர் தாயி. வயது பத்தொன்பது.
இடது புருவத்தில் தழும்பு.
ஊர் இருக்கவேண்டிய இடத்தில் மைக்கறை.
எண் மட்டும் பளிச்சென்று:
104729.

நான் நகராட்சியில் தண்ணீர் மீட்டர் கணக்குப் பார்ப்பவள்.
எந்த எண்ணையும் உடைத்துப் பார்க்காமல்
கையொப்பமிட்டதில்லை.
பதினோரு வருஷமாக இந்தக் கெட்ட பழக்கம்,
கார் எண், கல்லறை எண், வங்கி வரிசைச் சீட்டு என்று.
பெரும்பாலானவை மூன்றிலோ ஏழிலோ
ரொட்டி மாதிரிப் பிய்ந்துவிடும்.

இது பிய்யவில்லை.

மூன்றில் இரண்டு மிச்சம். ஏழிலும் இரண்டு.
பதினொன்றில் ஒன்பது.
பதின்மூன்றில் ஒன்றே ஒன்று.
அட, என்று பென்சிலை வைத்துவிட்டு
மெழுகுவர்த்தியைக் கிட்டே இழுத்தேன்.
பத்தொன்பதில், அவள் வயதில், மறுபடியும் ஒன்று.

முந்நூற்று இருபத்துமூன்று வரை போனால் போதும்.
அதற்குமேல் ஒரு காரணி இருந்தால்
அதன் ஜோடி கீழேயே அகப்பட்டிருக்கும்.
அந்த எல்லைக்குள் பகா எண்கள் அறுபத்தாறு.
அறுபத்தாறு பேரிடமும் கேட்டுவிடுவது என்று உட்கார்ந்தேன்.

ஐம்பத்துமூன்றிலும் ஒன்று மிஞ்சியபோது
விஷயம் புரிந்தது.
அவளுக்கு முன்னால் நின்றவர் 104728;
எட்டு, பதின்மூன்று, பத்தொன்பது, ஐம்பத்துமூன்று என்று
துண்டு துண்டாகப் பிரிந்துவிடுகிறார்.
பின்னால் நின்றவர் 104730,
இரண்டில், மூன்றில், ஐந்தில் போய்விடுகிறார்.
நடுவில் இவள்.

"ஃபாரம் நிரப்பியாச்சா?"
சோபாவிலிருந்து சாக்ரன்.
"இருநூற்று முப்பத்துமூன்றில் நிற்கிறேன்."
அவன் மேலே கேட்கவில்லை.
இருபது வருஷம் ஆகிறது எங்களுக்குக் கல்யாணமாகி.

முந்நூற்றுப் பதினேழு கடைசி. மீதி நூற்றுப் பத்தொன்பது.
பகா எண்தான்.
இரண்டிலிருந்து வரிசையாக எண்ணிவந்தால்
சரியாகப் பத்தாயிரமாவது
(என் கண்டுபிடிப்பல்ல, பழைய அட்டவணைப் புத்தகம் சொல்வது).

இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.
துறைமுகத்தில் எவனோ ஒரு குமாஸ்தா, வெயிலில்,
முந்தைய எண்ணோடு ஒன்று கூட்டியிருக்கிறான்.
மூட்டையை எடுக்கக் குனிந்து
ஓர் ஆளை முன்னால் விட்டிருந்தால்
இரட்டைப்படை ஆகியிருப்பாள்.
எண் உடையாதது என்பதால்
அவள் உடையாதவள் என்று நான் எழுதமாட்டேன்.
புருவத் தழும்பு இருக்கிறது.

ஆனால் இன்னொன்று உண்டு.
நான்கில் வகுத்தால் ஒன்று மிஞ்சும் பகா எண்
இரண்டு வர்க்கங்களின் கூட்டாக நிற்கும்,
ஒரே ஒரு விதமாக.
ராத்திரி முழுக்கத் தேடவேண்டியிருக்கும் என்று நினைத்தேன்.
தேடவே வேண்டியிருக்கவில்லை.
நான் வந்து நின்ற எல்லை முந்நூற்று இருபத்துமூன்று;
அதன் வர்க்கத்தைக் கழித்ததும் நானூறு.
இருபதின் வர்க்கம்.

பக்கத்துக்கு முந்நூற்று இருபத்துமூன்று தூர் வைத்து
பெரிய சதுரமாகக் கரும்பு.
அதன் மூலையில், பக்கத்துக்கு இருபது,
சின்னதாக ஒன்று. மிளகாயோ கீரையோ.
அந்த எண்ணை வைத்துக்கொண்டு
வேறு எந்த மாதிரியும் இரண்டு சதுர வயல் போட முடியாது.
ஒரு தூரைப் பிடுங்கி
அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் நட முடியாது.

எந்தத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள் என்ற கட்டமும்
மைக்கறைதான்.
ஆக, அவளுடைய நிலத்தைப் பற்றி
எனக்குக் கிடைத்த ஒரே அளவு இது.
பொய்யளவு என்றும் தெரியும்.

பத்தரைக்கு ஃப்ரிட்ஜ் உறுமியது.
ஆற்றுக்கு அந்தப் பக்கம் குவாமஷு அணைந்தது.
மெழுகுவர்த்தியை ஊதிவிட்டு
விண்ணப்பத்தின் ஏழாவது கட்டத்தில்
ஆறு இலக்கங்களையும் எழுதினேன்,
நடுவில் காற்புள்ளி போடாமல்.